மனசுப் பெட்டியில் போட்ட காகிதம்

நான் பிளஸ் டூ படித்த பள்ளியில் எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து வைத்திருந்தார்கள். தூக்கம் வந்தால் முகம் கழுவு. தலை வலித்தால் தண்ணீர் குடி. அழுகை வந்தால் ரெஸ்ட் ரூமுக்குப் போய் அழுதுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வா. வைத்தியம் அவ்வளவுதான். அதற்கு மேல் எவளுக்காவது ஏதாவது ஆனால் அவள் நடிக்கிறாள் என்று அர்த்தம்.

பள்ளி கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் இருந்தது. லாரிகள் கிளப்பும் புழுதி வகுப்பு ஜன்னல் கம்பிகளில் எப்போதும் படிந்திருக்கும். எங்கள் முதல்வர் சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு வருவார். பிரேயரில் மைக்கைப் பிடித்து, "நான் உங்களுக்கு இரண்டாவது அப்பா" என்பார். எனக்கு ஏற்கெனவே ஓர் அப்பா இருந்தார். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். அவரே போதும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

வீடு மீஞ்சூரில். ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸுக்காக விடியற்காலை ரயிலைப் பிடிப்பேன். சாயங்காலம் ஆறரை வரைக்கும் வகுப்பு. தினமும் ஒரு சின்ன டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை பெரிய டெஸ்ட். திங்கட்கிழமை அந்த டெஸ்டின் ரேங்க்படி எங்களை இடம் மாற்றி உட்கார வைப்பார்கள். முதல் ரேங்க் முதல் பெஞ்சில். கடைசி ரேங்க் கடைசி பெஞ்சில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். இந்த அற்புதமான ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் முதல்வர்தான். பெற்றோர் கூட்டத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பெற்றோர்கள் கைதட்டுவார்கள்.

எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னாலும் வாந்தி வரும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் இருந்த ஒரே கைவைத்தியம் இளக்காரம். முதல்வரை இளக்காரமாகப் பார்த்தேன். பாதாம் ஊறவைத்துச் சாப்பிடு என்ற சித்தியை இளக்காரமாகப் பார்த்தேன். டெஸ்ட் பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டு அழும் பெண்களை எல்லாரையும்விட இளக்காரமாகப் பார்த்தேன். அதற்குத் தைரியம் என்று ஒரு பெயரும் வைத்திருந்தேன்.

அழுகிறவர்களில் ஒருத்தி என் பெஞ்சிலேயே இருந்தாள். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்து பள்ளி ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். நான்காவது ரேங்கும் ஐந்தாவது ரேங்கும் எங்கள் இருவருக்குள்ளேயே மாறி மாறி வரும் என்பதால் வருடம் முழுக்க இரண்டாவது பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், எங்கள் மன அழுத்தத்தைப் போக்க ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை வரவழைத்தார்கள். காதோரம் மைக் மாட்டிய ஆள். ஹாலில் விளக்குகளை அணைக்கச் சொன்னார். வயலின் இசையை ஓடவிட்டார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் அம்மாவின் கையை நினைத்துப் பார்க்கச் சொன்னார். "பூ மாதிரி இருந்த அந்தக் கை உனக்காகத் தேஞ்சு போச்சே, நீ என்ன செஞ்ச?" என்று குரலை உடைத்துக் கேட்டார். இருட்டில் ஒருத்தி விசும்பினாள். பிறகு பத்துப் பேர். பிறகு ஹாலே ஒப்பாரி வீடாகிவிட்டது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் மேடையில் நின்று செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்ட பிறகும் என் சிநேகிதியின் அழுகை நிற்கவில்லை. பேச்சாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவளை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்து, "பாரம் இறங்குது பாருங்க" என்றார். போட்டோ எடுத்தார்கள். அன்று மாலைக்குள் அது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. எங்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் கொடுத்து, பாரம் இறங்கிய கையோடு பிசிக்ஸ் டெஸ்ட் எழுத அனுப்பினார்கள்.

"அம்மா கைய நெனச்சா அவ்ளோ அழுத?" என்று கேட்டேன். என் கேள்வியில் கிண்டல் இருந்தது.

"எங்கம்மா கையி நண்டு கடிச்ச கையி. எப்போ பூ மாரி இருந்துச்சு?" என்றாள். "நா அதுக்கு அழுவல. அழ ஆரமிச்சா நிக்க மாட்டேங்குது. அதான் பயமாகீது."

நான் நோட்டைத் திறந்தேன். பிசிக்ஸ் ஃபார்முலாக்களை ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் ஒரு மரப் பெட்டி வந்தது. பூட்டுப் போட்ட பெட்டி, மேலே சிரிக்கும் மஞ்சள் முகம். மனசுப் பெட்டி என்று பெயர். மனதில் இருப்பதை எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டாம், ரகசியம் காக்கப்படும் என்று முதல்வர் பிரேயரில் அறிவித்தார்.

அவள் என்னிடம் கேட்டாள். "எழுதட்டா?"

"எழுதிப் போடு. அத யாரு படிக்கப் போறாங்க?" என்றேன். அந்தப் பெட்டிமேல் எனக்கு இருந்த இளக்காரத்தில்தான் அப்படிச் சொன்னேன். அவளுக்கு அது அனுமதியாகக் கேட்டிருக்கிறது.

திங்கட்கிழமை பிரேயரில் முதல்வர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். "நம்ம பசங்களோட கஷ்டத்தை எல்லாரும் கேக்கணும்" என்று ஆரம்பித்தார். "ஹாஸ்டல் பொண்ணு ஒண்ணு எழுதியிருக்கு. மேத்ஸ் டெஸ்ட் வந்தா மூச்சு விட முடியலையாம். கை கால் மரத்துப் போவுதாம். ஏம்மா, மேத்ஸ் சார் கிளாஸ்ல இருக்கற ஆக்ஸிஜனை எல்லாம் அவரே இழுத்துக்கறாரா?"

மைதானமே சிரித்தது. மேத்ஸ் சார் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்ததால் தொற்றிக்கொண்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. அதன் பிறகுதான் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற என் சிநேகிதியின் கழுத்தைப் பார்த்தேன். வியர்த்து வழிந்துகொண்டிருந்தது.

முதல் பீரியடே மேத்ஸ் டெஸ்ட். மூன்றாவது கணக்கில் அவள் பேனாவைக் கீழே போட்டாள். எடுக்கக் குனியவில்லை. எழுந்து வெளியே போனாள். மேத்ஸ் சார் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இரண்டு கணக்குகளை முடித்துவிட்டுத்தான் அவள் பின்னால் போனேன். இரண்டு கணக்குகள். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

லேப் பின்புறம், கை கழுவும் குழாய்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இரண்டு கை விரல்களும் கோழிக்கால் மாதிரி மடங்கி விறைத்திருந்தன.

"விரலு நீட்ட வரல. செத்துப் பூடுவனா?"

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் கழுவு என்று அவர்கள் சொல்லிக்கொடுத்ததையே நானும் சொன்னேன். பிறகு ஆபீசுக்கு ஓடி, அவள் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

முதல்வர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பத்து நிமிஷத்துல சரியாயிடும். டெஸ்ட் அன்னிக்கு இந்த டிராமா எல்லாம் நான் எவ்வளவோ பார்த்திருக்கேன். நீ எதுக்கு உன் மார்க்கை விடறே? போய் எழுது."

வெளியே வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் போன் கேட்டேன். எதற்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை. இடுப்பிலிருந்து எடுத்து, லாக்கைத் திறந்து கொடுத்தது. சிநேகிதியின் அம்மா நம்பர் எனக்கு மனப்பாடம்; கூப்பிட்டு உடனே வரச் சொன்னேன். ஆயா கூட்டுவதை நிறுத்திவிட்டு லேப் பின்னால் போய் அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, நிதானமாக முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய பள்ளியில் அன்று செய்யவேண்டியதைச் செய்தது அந்த ஆயா ஒருத்திதான். பேச்சாளருக்குப் போட்ட மாதிரி பொன்னாடை எதுவும் அதற்குப் போடவில்லை.

அவள் அம்மா வரும்போது மதியம் ஆகிவிட்டது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். மீன் ஏலம் போடும் இடத்திலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார். சேலையின் ஓரம் இன்னும் ஈரம். நடந்ததையெல்லாம் நான் கேட்டருகே நின்று மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு நேராக முதல்வர் அறைக்குள் போனார். நான் வாசலில் தூண் மறைவில் நின்றுகொண்டேன்.

"இன்னா சார், மூச்சு உட முடியலன்னு ஒரு கொயந்த எழுதிக்கீது. அத மைக்குல படிச்சிட்டு சிரிச்சிக்கினு இருந்தீங்களாமே?"

"மேடம், நீங்க எமோஷனல் ஆகாதீங்க. உங்களுக்கு யார் சொன்னாங்க?"

தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன்.

"யாரு சொன்னா இன்னா? படிச்சீங்களா இல்லியா?"

"பாருங்க, உங்க பொண்ணு நல்ல மார்க் வாங்கற பொண்ணு. இந்த நேரத்துல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா ரேங்க் போயிடும். மார்க் போயிடும்."

"மார்க்க வச்சி நா இன்னா பண்ண? அவ போட்டோவுக்கு மால போட்டு பக்கத்துல மாட்டவா?"

அந்த அம்மா டிசியைப் பிறகு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். பெட்டி படுக்கையைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் டெஸ்டுக்குப் போகவில்லை. பள்ளிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். அவள் வீட்டு வாசலில் தம்பியோடு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன.

அரசு மருத்துவமனைக்குப் போனதைச் சொன்னாள். இருதயம் நன்றாக இருக்கிறதாம். பயம்தான் இப்படி மூச்சாக வருகிறதாம். வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அந்த டாக்டரம்மா சிரிக்கவே இல்ல. வெளிய அவ்ளோ கும்பல். எத்தினி மணிக்குத் தூங்கற, எத்தினி மணிக்கு எந்திரிக்கற, நாஷ்டா துன்றியா, வவுறு எப்டி கீது, இதயேதான் கேட்டாங்க. மூச்ச எப்டி மெதுவா உடறதுன்னு சொல்லிக் குட்த்தாங்க. அம்மா கையி, அப்பா காலுன்னு ஒண்ணும் பேசல."

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கேள்விக்கும் நான் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுக்குக்கூட நல்ல பதில் இல்லை.

கிளம்பும்போதுதான் சொன்னேன். "அன்னிக்கு நானும் சிரிச்சேன்."

"தெரியும். ஒன் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றாள். தலையை நிமிர்த்தாமல் இன்னும் நாலு இறால் உரித்தாள். "அப்பாலிக்கா போன் பண்ணதும் நீதான்னு அம்மா சொல்ச்சி. ரெண்டுத்தையும் வச்சிக்கினு நா இன்னா பண்றதுன்னு தெரியல. பஸ்ஸு வர்ற நேரம், போ."

அந்தச் சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்டுக்குப் போகாதது, வாந்தி, முடி. அவர் ஷிப்ட் முடித்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் வகிடு அகன்றிருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இத்தினி நாளா என் கையில சொல்றதுக்கு இன்னா பேஜாரு ஒனக்கு?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். எழுந்து போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை கம்பெனி யூனிஃபாரத்தோடு பள்ளிக்கு வந்தார். காலை, மாலை ஸ்பெஷல் கிளாஸுக்கும் ஞாயிறு டெஸ்டுக்கும் இனிமேல் என் மகள் வர மாட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். முதல்வர் தியாகம், எதிர்காலம், போட்டி உலகம் என்று கால் மணி நேரம் பேசினார்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "சார், நா கிரேன் ஓட்றவன். தூங்கி வயிஞ்சா கீழ நிக்கறவன் மேல இரும்பு வுயும். அதுக்குத்தான் எட்டு மணி நேரத்துக்கு மேல என்ன ஏத்த மாட்டான் கம்பெனியில. பதினேழு வயசுப் பொண்ணு பன்னெண்டு மணி நேரம் ஒக்காரணும்ன்றீங்க. எனக்குப் புரியல சார்."

"கிரேனும் படிப்பும் ஒண்ணா?" என்று முதல்வர் சிரித்தார்.

"இல்ல சார். கிரேன் கெட்டா வேற வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போய்விட்டார்.

டெஸ்ட் எழுதாதவளுக்கு ரேங்க் இல்லை. அதனால் நிரந்தரமாகக் கடைசி பெஞ்ச், குப்பைத் தொட்டிக்குப் பக்கம். என்னோடு பேசினால் ரேங்க் குறையும் என்று சில பெண்கள் நம்பினார்கள். அந்த பெஞ்சில் இருந்துதான் நான் பிளஸ் டூ எழுதினேன். மார்க் சுமாருக்கு மேல், அவர்கள் எதிர்பார்த்ததற்குக் கீழ். வாந்தி ஒரு மாதத்தில் நின்றது. முடி வளர ஒரு வருடம் ஆனது. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினால் மனுஷர்கள்மேல் இளக்காரம் கொஞ்சம் குறைகிறது என்பதையும் கண்டுகொண்டேன். முழுசாகப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

அவள் அவர்கள் ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ந்து பிளஸ் டூ எழுதினாள். மீன்வளம் படித்து இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அந்த மூச்சு மறுபடி வந்தது, போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். மாதம் ஒரு தடவை போனில் பேசிக்கொள்கிறோம். அந்தச் சிரிப்பைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

போன வருடம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் முதல்வர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன் என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. "நம்ம பிராடக்ட்!" என்றார். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் அதிகமாகிவிட்டதாம். பழைய மாணவி என்ற முறையில் வந்து, அதை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம்.

"ஞாயித்துக்கிழமை டெஸ்டை நிறுத்திட்டுக் கூப்பிடுங்க சார், வர்றேன்" என்றேன்.

அவர் அதை நல்ல ஜோக்காக எடுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார். என் நம்பரைக் குறித்துக்கொண்டார். இதுவரை கூப்பிடவில்லை.