மேகம் போட்ட நாள் யாருடைய நாள்?

1. பெஞ்சின் இரண்டு முனைகள்

"மேடம், பிளேட்ட எல்லாம் கழட்டிட்டுப் போயிருங்க. எங்களுக்கு சோலாரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அழகுராஜா என் மேசை முன்னால் நின்று இப்படிச் சொன்னார். விவசாயக் கிணறுகளுக்கு மானியத்தில் சோலார் பம்பு அமைத்துக் கொடுக்கும் அரசு அலுவலகத்தில் அப்போது நான் உதவிப் பொறியாளர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். பம்பு எப்போது வரும் என்று கேட்டுச் சண்டை போட்டவர்கள் ஏராளம். வந்த பம்பைக் கழற்றச் சொல்லிச் சண்டை போட்டவர் இவர் ஒருவர்தான்.

"என்னய்யா ஆச்சு? மோட்டார் ஓடலையா?"

"நல்லா ஓடுது. அதான் பிரச்சினையே."

எனக்குச் சட்டென்று கோபம் வரும். என் அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார், அவர் கொடுத்த சொத்து அது ஒன்றுதான். ஓடுகிற மோட்டாரைக் கழற்றச் சொல்கிறாரே என்று வாயைத் திறக்கப் போனவள், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். வராந்தா பெஞ்சின் ஒரு முனையில் அழகுராஜாவின் பெரியப்பா மகன் கருப்பன், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் நடுவில், யார் பக்கமும் சாயாமல், மடியில் கட்டைப் பையை வைத்துக்கொண்டு அழகுராஜாவின் மனைவி செல்வி.

"உங்க அண்ணனையும் உள்ள கூப்பிடட்டுமா?"

"அவரு எனக்கு அண்ணனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பங்காளிச் சண்டை என்பது அந்த ஒரே வார்த்தையில் புரிந்துபோனது.

2. டீக்கடைக்கு வந்த அரசாணை

முதல் தடவை இவர்கள் என்னிடம் வந்தபோது இப்படி இல்லை. அன்றைக்கு அழகுராஜாவுக்கு இருந்த ஒரே குழப்பம், இப்போது மனு போடுவதா, அடுத்த திட்டத்துக்குக் காத்திருப்பதா என்பதுதான்.

"மேடம், அடுத்த பட்ஜெட்ல சோலார் முழுசும் இனாமாம்ல? அம்புட்டுப் பேரும் பொறுத்துப் போடுன்னு சொல்றாய்ங்க."

"யாரு சொல்றா?"

"டீக்கடையில பேசிக்கிட்டாங்க."

"அப்ப டீக்கடைக்கு அரசாணை வந்துருச்சு. எனக்கு இன்னும் வரலை. எனக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழகுராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். வரப்போகிற திட்டம் என்பது ஒரே நாளில் வந்துவிடாது. முதலில் அறிவிப்பு வரும். பிறகு அரசாணை. அதன்பின் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லும் வழிகாட்டுதல். அப்புறம் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு, கம்பெனிகளுக்கு டெண்டர். ஆனால் அறிவிப்பு வந்த அன்றைக்கே நம் வாசலில் கூட்டம் நிற்கும். அவர்கள்மீது எரிந்து விழுவதில் பயனில்லை. அறிவிப்பைச் சொல்வதற்கு ஆள் இருக்கிறது, மற்ற படிகளைச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

நான் படிகளைச் சொல்லி முடித்ததும் செல்வி பேசினார்.

"மேடம், நாங்க திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைய விட்டுட்டு வந்துருக்கோம். பாப்பாவ இங்கதான் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கு. ஆனா பீரோவ மட்டும் இன்னும் எடுத்துட்டு வரலை. அங்க பக்கத்து வீட்டுலயே போட்டு வச்சிருக்கோம். வெள்ளாமை கை குடுத்தா பீரோ இங்க வரும். இல்லைன்னா பீரோ இருக்குற எடத்துக்கு நாங்க போயிர வேண்டியதுதான்."

"உங்களுக்கு எது பிரியம்?"

"பீரோ இங்க வரணும் மேடம்." நான் மனுப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அப்ப இப்பவே மனுப் போடுங்க. இந்த வருஷம் ஒதுக்கீடு கையில இருக்கு. வரப்போறது வர்றப்ப வரட்டும். கத்தரிச் செடிக்கு பட்ஜெட் தெரியாது."

கிணறு கூட்டுக் கிணறு. அழகுராஜாவுக்குப் பாதி, கருப்பனுக்குப் பாதி. அதனால் கருப்பனின் சம்மதம் வேண்டும். அவரும் வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் லேசில் நம்பாதவர்.

"பாதித் தண்ணி எனக்கு. அதுல மாத்தம் இருக்கக் கூடாது மேடம்."

"இப்ப ஆயில் இன்ஜின் வச்சு எப்படி எறைக்கிறீங்க?"

"முறைதான். ஒரு நாள் நான், ஒரு நாள் அவன்."

"அதே முறையில சோலாரையும் ஓட்டிக்கலாம்ல?"

அண்ணனும் தம்பியும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். அழகுராஜா, "அண்ணே, வாங்க, ஒரு டீ குடிப்போம்" என்று கருப்பனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப் போனார்.

பம்பு மாட்டி முதல் தண்ணீர் விழுந்த அன்று நான் போயிருந்தேன். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேர் மட்டும் "நல்லா அடிக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

3. ஆடி மேகம்

எங்கள் பக்கத்து ஆடி மாதம் தெரிந்தவர்களுக்கு மிச்சக் கதை இப்போதே தெரிந்திருக்கும். மேற்கே மலையில் மழை பெய்யும். இங்கே மேகமும் காற்றும் மட்டும் வரும். நாளெல்லாம் மூட்டம் போடும், ஒரு சொட்டு விழாது.

ஆயில் இன்ஜினுக்கு இதெல்லாம் கணக்கில்லை. டீசல் ஊற்றினால் எல்லா நாளும் ஒரே நாள்தான். சோலார் பம்பு அப்படியில்லை. வெயில் இருந்தால் குழாய் நிறைய வரும், மேகம் வந்தால் நூலாக வரும். அந்த ஆடியில் அழகுராஜாவின் முறை நாள் வந்தால் மூட்டம், கருப்பனின் முறை நாள் வந்தால் சுள்ளென்று வெயில். அப்படியே மாறி மாறி அமைந்துவிட்டது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நடுவில் கருப்பனுக்கு மாமனார் ஊரில் ஒரு கிடா வெட்டு. "இன்னைக்கு உன் முறையா வச்சுக்க, நாளைக்கு எனக்கு" என்று ஒரு நாளை மாற்றிக்கொண்டிருக்கிறார். மாற்றிய அன்று மூட்டம், மறுநாள் வெயில். அழகுராஜாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அதை என் மேசை முன்னால் நின்று கொட்டினார்.

"செல்லுல மேகம் எங்க இருக்குன்னு பாத்துட்டுத்தான் மேடம் நாள மாத்துனாரு. கிடா வெட்டாம் கிடா வெட்டு!"

"ஏன்டா, கிடாக்கறியில உனக்கும் தூக்குவாளி நெறையக் குடுத்து விட்டேன்ல? தின்னப்ப தெரியலையா?" என்று வராந்தாவிலிருந்தே கத்தினார் கருப்பன்.

பிறகு அழகுராஜா, கருப்பனின் முறை நாளில் பாதிப் பொழுது தன் கத்தரிக்குத் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார். மறுநாள் கருப்பன், பம்பை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். கருப்பனின் தென்னங்கன்று நாலு நாள் தாக்குப்பிடிக்கும். பூவெடுத்து நிற்கும் கத்தரி பிடிக்காது.

"பூவெல்லாம் கொட்டுது மேடம். இவரு திருப்பூருக்குப் போன் பண்ணி வேலை இருக்கான்னு கேட்டுட்டாரு" என்றார் செல்வி.

பம்பைக் கழற்றும் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. பீரோ இருக்கும் இடத்துக்கே போய்விட முடிவு செய்துவிட்டார் மனிதர். "எதையும் கழட்ட வேணாம். காலையில தோட்டத்துக்கு வாரேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

4. தொட்டிக்கு நடுவே ஒரு சுவர்

கிணற்று மேட்டில் நின்று பஞ்சாயத்தை ஆரம்பித்தேன். காலைப் பொழுது ஒருத்தருக்கு, மதியப் பொழுது ஒருத்தருக்கு என்று பிரிக்கலாமா என்று கேட்டேன்.

"உச்சி வெயில் யாருக்கு?" என்றார் கருப்பன்.

"தினமும் மாத்திக்கிருங்க."

"என் பொழுதுல மேகம் வந்துட்டா?" என்றார் அழகுராஜா.

"மேகம் போட்ட நாளக் கணக்குலயே சேக்காம விட்டுருவோம்."

"எது மேகம்னு யாரு சொல்றது? இந்தா, இப்ப இருக்கே, இது மேகமா?" என்றார் கருப்பன்.

"இது மேகம் இல்லாம என்ன?"

"போடா, இது வெறும் மூட்டம்."

இரண்டு ஆண்பிள்ளைகளும் கழுத்தை ஒடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, அது மேகமா மூட்டமா என்று சண்டை போட்டார்கள். நானும் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செல்விக்குப் பொறுக்கவில்லை.

"வெயில எதுக்குப் பங்கு போடுறீங்க? அது என்ன உங்க தாத்தா சொத்தா? தண்ணியப் பங்கு போட்டுத் தொலைங்க!"

"வர்ற தண்ணியப் பாதியாப் பிரிச்சா வாய்க்காலயே தாண்டாது ஆத்தா. மண்ணு குடிச்சிரும்" என்றார் கருப்பன். அவர் சொன்னதும் நியாயம்தான். கொஞ்சமாக வரும் தண்ணீர் கடைமடை போய்ச் சேராது.

"சேத்து வச்சு, சாயங்காலம் ஒரே மூச்சா விட்டா போகும்ல?" என்றேன்.

"எதுல சேக்குறது?"

கிணற்றுக்குப் பக்கத்தில் முன்பு கரும்பு போட்ட காலத்தில் கட்டிய பெரிய தொட்டி ஒன்று, தென்னைமட்டை நிறைந்து கிடந்தது. நால்வரும் அதைப் பார்த்தோம். கருப்பன் போய் மட்டைகளை எடுத்து வெளியே போட்டார். தரையில் ஒரு வெடிப்பு இருந்தது. "பூசிட்டா நிக்கும்" என்றார்.

நான் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். தொட்டிக்கு நடுவே ஒரு சுவர். சுவருக்கு மேலே பம்புக் குழாய், அதற்கு இரண்டு வாய், பக்கத்துக்கு ஒன்று. வெயிலோ மேகமோ, வருகிற தண்ணீர் வரும்போதே பாதி பாதியாக விழும். அவரவர் தண்ணீரை அவரவர் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொள்ளலாம். முறை நாள் என்ற பேச்சே இனி வேண்டாம்.

எங்கள் எஸ்டிமேட்டில் தொட்டி கிடையாது, அதற்கு மானியமும் இல்லை. அதை ஒளிக்காமல் சொன்னேன்.

"செவரு யாரு கட்டுறது?" என்றார் கருப்பன்.

"ரெண்டு பேரும்தான். ஆளுக்கொரு பக்கம் நின்னு கட்டுங்க. அப்பத்தான் உன் பக்கம் சாஞ்சிருச்சு, என் பக்கம் சாஞ்சிருச்சுன்னு பேச முடியாது."

பூட்டு அன்றைக்குத் திறந்தது. வேலை முடியும்வரை தண்ணீரை முதலில் கத்தரிக்கு விடச் சொன்னேன். கருப்பன் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஹாலோ பிளாக் கல்லைச் சுமந்தவர் அழகுராஜா, மட்டம் பார்த்தவர் கருப்பன்.

தண்ணீர் விட்டுப் பார்க்கும் நாளில் எனக்குத்தான் பயம். குழாயின் ஒரு வாய் சற்றுச் சரிந்திருந்தாலும் மறுபடி பெஞ்சின் இரண்டு முனைகள்தான். போதாததற்கு அன்றும் மூட்டம். தண்ணீர் மெதுவாக ஏறியது. கருப்பன் ஒரு குச்சியை வெட்டி ஒரு பக்கம் விட்டு, நனைந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, மறுபக்கம் விட்டுப் பார்த்தார். திரும்பவும் விட்டுப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபடி நாங்கள் நின்றோம்.

"சரியாத்தான் இருக்கு" என்றார், ஏதோ கடன் கொடுப்பவர் போல.

சாயங்காலம் இரண்டு மடையையும் திறந்தார்கள். கத்தரியின் கடைசி வரிசை வரை தண்ணீர் ஓடியது. செல்வி வரப்பில் கூடவே ஓடினார். கருப்பன் இடுப்பிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார்.

"நீயே வச்சுக்க ஆத்தா. எங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது."

"அது எனக்கு எப்பவோ தெரியும் மாமா" என்று வாங்கிக்கொண்டார் செல்வி. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்துக்கு, ஸ்கூட்டரில் மதுரை வரைக்கும் பாடிக்கொண்டே வந்தேன்.

5. வேலை முடிந்ததற்கான போட்டோ

இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். புதிய கொள்கை வருகிறது, மானியம் மாறுகிறது என்று பேப்பரில் செய்தி வந்தால் இன்னமும் எனக்குப் போன் வரும். போன மாதம் அழகுராஜா பேசினார்.

"மேடம், கூட்டுக் கிணத்துக்காரங்களுக்கு இனி ஆளுக்கொரு பம்பு குடுக்கப் போறாங்களாமே?"

"டீக்கடையிலயா?"

"இல்ல மேடம், டிவியிலயே சொல்லிட்டாய்ங்க!"

அலுவலகத்தில் எனக்குப் பின் வந்த பெண்ணிடம் கேட்டேன். அறிவிப்பு உண்மைதான், அரசாணை வர வேண்டும், வந்தால் இவர்கள் இருவருக்கும் தகுதி இருக்கும் என்றாள். அதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கருப்பன் குறுக்கே புகுந்தார்.

"இருக்கட்டும் மேடம், இல்லாதவங்களுக்குக் குடுக்கட்டும். தனித்தனியா வச்சுக்கிட்டா, மேகம் போட்டா யாரு கூட ஒக்காந்து திட்டுறது?"

இளைய பொறியாளர்களே, இனி வரும் திட்டங்களில் நிறைய நல்லது வரத்தான் போகிறது. பேனலை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று புத்தகத்திலேயே இருக்கும். இறங்கும் தண்ணீரை யார் யார் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள், பிறகு அளவு டேப்பைப் பிடியுங்கள்.

அலுவலக நடைமுறைப்படி, பேனலுக்கு முன்னால் விவசாயியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தால் வேலை முடிந்தது. அழகுராஜா விறைப்பாக நிற்கும் அந்தப் போட்டோ ஏதோ ஒரு பைலில் இருக்கும். கருப்பன் பேசி முடித்த அன்றே செல்வி எனக்கு வேறொரு போட்டோ அனுப்பினார். ஒரு மினி லாரி, பின்னால் பேனல், நடுவில் கண்ணாடி வைத்த ஒரு பச்சைப் பீரோ. அதன் ஒரு முனையை அழகுராஜா தூக்கிக்கொண்டிருக்கிறார், மறு முனையைக் கருப்பன். வேலை முடிந்ததற்கு நான் வைத்திருக்கும் போட்டோ அதுதான்.