ரத்தக் காட்டேரியின் இரண்டாம் பாகம்

நாமக்கல் பஸ் ஸ்டாண்டு கடையில் அந்த நாவலின் இரண்டாம் பாகம் தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போகிற வழி. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேனே தவிர, ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. கொல்லிமலை வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும்.

முதல் பாகத்தைக் கோடை லீவில் வீட்டுப் பெண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி ஒரு ரத்தக் காட்டேரியைக் காதலிக்கிறாள். அவனும் அவளுக்காக மனுச ரத்தத்தை விட்டுவிட்டு ஆட்டு ரத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறான்.

"ரத்தப் பொரியல் நாமளுந்தான் திங்கறோம். அதுல என்ன கண்ணு அதிசயம்?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

ஆனால் என் அக்கா அந்தக் காட்டேரியிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டாள். அவள் புருஷன் போர்வெல் போடும் லாரியில் வடக்கே வேலைக்குப் போனவன். இரண்டு பொங்கலாக ஆளும் இல்லை, சேதியும் இல்லை. அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எங்கள் மலையில் இதற்கெல்லாம் வழி உண்டு. புருஷன் சரியில்லை என்றால் ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெண் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மலையிலேயே இன்னொரு பகுதியான ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒருவர் பெண் கேட்டுவிட்டும் போயிருந்தார். அக்காதான் பிடிகொடுக்கவில்லை. நாவல் கேட்டபிறகு இன்னும் உறுதியாகிவிட்டாள். காதல் என்றால் காத்திருப்பது என்று நானும் ஹாஸ்டல் ஞானத்தை அவிழ்த்துவிட்டேன். அம்மாவுக்கு என்மேல் கோபமான கோபம்.

நான் ஊர் வந்து சேர்ந்த மறுநாள் வாசலில் மிளகுச் சரம் குவிந்து கிடந்தது. அம்மாவும் அக்காவும் அத்தையும் சுற்றி உட்கார்ந்து மணி உருவினார்கள். நான் இரண்டாம் பாகத்தைப் பிரித்தேன்.

மூன்றாவது பக்கத்திலேயே காட்டேரி போய்விட்டான். ஏன், எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழை பெய்தது. மறுபடி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லை, தலை சீவவில்லை. அன்பாகச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பையனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசிக்க வாசிக்க எனக்கே கொட்டாவி வந்தது. இதற்காகவா எட்டு மாதம் ஏங்கினேன் என்று எழுதியவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மூன்று பக்கமாகச் சேர்த்துப் புரட்டினேன். அப்போதும் அவள் ஜன்னலோரமே இருந்தாள்.

"அவ ஊட்டுல நாலு பெரியவங்க இல்லையா கண்ணு? கூப்ட்டுப் பேசி வேற கட்டிக்க வேண்டியதுதான?" என்றாள் அத்தை.

"இது காதல் அத்தே" என்றேன். முன்னைப்போல அழுத்திச் சொல்ல முடியவில்லை.

"அந்தப் பையன் கொண்டாந்த சோத்தையாச்சும் தின்னாளா?" என்று அம்மா கேட்டாள்.

கடைசி நாலு பக்கத்தில் காட்டேரி திரும்பி வந்தான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். முற்றும்.

அதுவரை வாயே திறக்காத அக்கா கேட்டாள். "வந்து என்ன சொன்னான்?"

"உன் நல்லதுக்குத்தான் போனேன்னு சொல்றான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அக்கா மடியில் இருந்த சக்கையை உதறினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவளுக்குப் பிடித்த ஒரே கதையையும் கெடுத்துவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

"அம்மா, ஆலத்தூர்க்காரங்களை வரச் சொல்லு" என்றாள்.

அம்மா கையில் இருந்த சரத்தை அப்படியே கீழே போட்டாள். அன்று ராத்திரி எனக்கு மட்டும் கோழிக்குழம்பில் ஈரல் விழுந்தது.

பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், பேச்சு முடிந்தது, அக்கா ஆலத்தூர் நாட்டுக்குப் போனாள். ஆடி நோம்பி விருந்துக்கு அவளும் புது மாமாவும் வந்திருந்தபோதுதான் பழைய மாமா வந்து சேர்ந்தார். கறுத்து, இளைத்து, கையில் ஒரு சேலைப் பையோடு வாசலில் நின்றார். விஷயம் வழியிலேயே காதில் விழுந்திருக்க வேண்டும். பாவமாகத்தான் இருந்தது. அக்கா அவருக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

"உன் நல்லதுக்குத்தானே போனேன்" என்றார்.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"இந்தக் கதைய எந்தங்கச்சி ஏற்கனவே படிச்சுக் காட்டிட்டாளுங்க" என்றாள். "நல்லாவே இல்லீங்க."