மேஸ்திரியின் கத்திரித் தாகம்

சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி, வாயில் ரப்பர் மூடி. ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஐஸ் ஃபேக்டரியின் மேஸ்திரிக்கு உயிர் அதற்குள்தான் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர். தினமும் காலையில் இன்சுலினைத் தொடையில் தானே குத்திக்கொண்ட பிறகுதான் இட்லியைத் தொடுவார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் குளிர்ப்பெட்டியைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. மருந்து வெயிலில் கெட்டுவிடும், குளிர்ச்சியாக வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வீட்டில் ஈர மணல் போட்ட பானைக்குள் அதைப் புதைத்து வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் கத்திரி பிறந்ததும் பானை மணலே சுட்டது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஊருக்கே ஐஸ் குடுக்கறோம், உங்க மருந்துக்கு எடமில்லியா மேஸ்திரி? இங்க குடுங்க" என்றேன். அவருக்கும் பெருமைதான். குப்பியைத் தகர டப்பாவில் போட்டு, ஐஸ் உறையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினேன். காலையில் மருந்து கல்லாக இருக்கும். உள்ளங்கையில் உருட்டி உருக்கிக் கொடுப்பேன். உள்ளே வெள்ளையாகத் துகள் மிதந்தது. குலுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக் குலுக்கினேன்.

நாலாம் நாளே மேஸ்திரி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்.

"இன்னா மேஸ்திரி, இப்டித் தவிக்குது?"

"கத்திரிடா நைனா. யாருக்குத்தான் தவிக்கல?"

அதுவும் உண்மைதான். காசிமேடே நாக்கு வறண்டு கிடந்த நாட்கள் அவை. பாவம் என்று இரண்டு கிளாஸ் சர்பத் வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை வியாதிக்காரருக்கு என் கையாலேயே சர்க்கரைத் தண்ணீர். வாந்தி எடுத்தார், அதற்கும் வெயிலைத்தான் திட்டினோம். மறுநாள் தொட்டி ஓரமாகவே சாய்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது, அதில் அழுகிய பழ வாடை அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் முகம் மாறியது.

"கோடைக்குக் கோடை வெயில்ல கெட்ட மருந்தோட வருவாங்க. ஒறைய வெச்சுக் கெடுத்தத இப்பதான் பாக்கறேன். ஒரு தடவ ஒறைஞ்சுட்டா இத நம்பவே கூடாதுப்பா. இத்தன நாளா அவர் குத்திக்கிட்டது தண்ணிக்குச் சமானம்."

தண்ணீரைக் கல்லாக்கிப் பிழைப்பவன் நான். அந்தத் தொட்டிக்குள் போனது என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது?

பொழுது சாய்வதற்குள் மேஸ்திரி போய்விட்டார். வராந்தாவில் அவர் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரு இன்னாப்பா சொன்னாரு?" என்று கதறினார்.

"வெயிலுதான் அக்கா" என்றேன்.

அக்காவுக்கு இப்போது நல்ல வயதாகிவிட்டது. காலடிப்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். போன கோடையில் பார்க்கப் போனேன். பேத்தியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

"இவருதான் ஒன் தாத்தாவோட மருந்த ஐஸ்ல வெச்சிப் பாத்துகினாரு. இல்லாங்காட்டி அந்த மனுசன் இன்னும் முன்னாடியே போயிருப்பாரு."

பிறகு எனக்கு மோர் கொடுத்தார். குடித்தேன்.