பிறை கண்ட மாலையில் லொறி நின்ற இடம்

லொறித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று. நான் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. இரவு எங்கே படுப்பது என்பதை முதலில் முடிவு செய்வேன். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் கிளம்பும் நேரம் தானாகக் கிடைத்துவிடும்.

கல்முனையிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவேன். திரும்பும்போது அங்கே புறக்கோட்டைக் கடைத்தெருவில் கடைச் சாமான் ஏற்றுவேன். கண்டி தாண்டி மஹியங்கனைக்கு இறங்கும் வளைவுகளைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும். பொழுது சாய்கிற மஃரிபுக்கு முன் மஹியங்கனைப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அங்கே முற்றம் மட்டமாக இருக்கும், லைட் எரியும், தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீர் உண்டு, பாங்கு சொல்லும் மோதினாருக்கு என்னைத் தெரியும். லொறியின் மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி, டயருக்குக் கல் வைத்து, சாமானை மூடிய படங்கின் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தேன் என்றால் விடியற்காலை சுபஹுக்குத்தான் எழும்புவேன். அதற்கு அப்பால் மஹஓயா வழியாக அம்பாறை வரைக்கும் யானைக் காடு. இருட்டிய பிறகு அந்த ரோட்டில் நான் ஏறுவதில்லை. யார் சொன்னாலும் சரி.

இந்தச் சட்டம் என் மனைவி போட்டது. அவளுடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன், எனக்கு மச்சான், அவரும் லொறிக்காரர்தான். ஒரு பெருநாள் இரவு, எப்படியாவது விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அந்த ரோட்டில் வந்தார். யானை குறுக்கே வந்ததா, கண் அயர்ந்தாரா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. காலையில் அவர் வரவில்லை, மய்யித்துத்தான் வந்தது. அதன் பிறகு நான் லொறி எடுக்கப் போன முதல் நாள், என் மனைவி வாசலில் சாவியைக் கையில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மஃரிபுக்குப் பொறகு அந்தக் காட்டுக்குள்ள போக மாட்டன் எண்டு சொல்லுங்க. மறுகா சாவி தாறன்."

சொன்னேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டில்தான் நானும் குடியிருக்கிறேன். வாசலும் அவளுடையது, சட்டமும் அவளுடையது.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு ஒரு புடவைக் கடைக்காரருக்காகச் சாமான் ஏற்றினேன். ஹாஜியார் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பெருநாள் உடுப்பு, பொட்டலம் பொட்டலமாக, படங்கு மூட முடியாத அளவுக்கு. அன்று இருபத்தொன்பதாவது நோன்பு. "வானம் மூடிக் கிடக்கு தம்பி, பிறை தெரியாது, இந்த முறை முப்பதும் வரும்" என்று அவர் போனில் அடித்துச் சொன்னார். எனக்கும் அதே நினைப்புத்தான். வழக்கம்போல இரவு தங்கி, காலையில் போய் இறக்கினால், பகலும் இரவும் வியாபாரம் செய்ய அவருக்கு நேரம் இருந்தது. என் மகளுக்கு வாங்கிய உடுப்பும் சீட்டுக்குப் பின்னால் ஒரு பையில் தொங்கியது. ரோஸ் கலர், கையில் மணி வைத்தது. அவள் கேட்டது அதுதான்.

பள்ளி முற்றத்தில் லொறியை விட்டு, நோன்பு திறந்து, கஞ்சி குடித்தேன். நாள் முழுக்கப் பசியோடு ஸ்டியரிங் பிடித்தவனுக்குக் கஞ்சி உள்ளே போனதும் கண் சொக்கும். அதனால்தான் நோன்பு காலத்தில் அந்த நேரத்துக்குப் பிறகு நான் சைக்கிள்கூட ஓட்ட மாட்டேன். கால் நீட்டப் போகிற நேரம் மோதினார் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"பிறை கண்டாச்சாம்! நாளைக்குப் பெருநாள்!"

மைக்கில் பெருநாள் தக்பீர் முழங்கத் தொடங்கியது. பிள்ளைகள் முற்றமெல்லாம் துள்ளினார்கள். நான் லொறியைப் பார்த்தேன். அல்லாஹ்வே, கல்முனைப் பெருநாளே என் முதுகுக்குப் பின்னால் படங்குக்குள் கிடந்தது.

போன் அடித்தது. ஹாஜியார்.

"தம்பி, எங்க நிக்கீங்க? இப்பவே எடுங்க. இந்த ஒரு ராவு யாவாரத்துக்குத்தான் இவ்வளவு சாமானும்!"

"ராவுல அந்த ரோட்டுல வர மாட்டன் ஹாஜியார். விடியத்தான்."

"விடிஞ்சா ஆரு உடுப்பு வாங்குவான்? அல்லாஹ் காப்பாத்துவான், வாங்க!"

"ஒட்டகத்தக் கட்டிப் போட்டுட்டுத்தானே அல்லாஹ்வ நம்பித் தவக்குல் வைக்கச் சொல்லியிரிக்கி. நான் லொறியக் கட்டிப் போட்டுட்டன்."

அவர் பிறகு கதைத்ததை எழுத முடியாது. உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பார்களே, அவருக்கு அன்று அந்த நிலை. எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் டயருக்கு வைத்த கல்லை எடுக்கவில்லை.

அடுத்த அழைப்பு வீட்டிலிருந்து வந்தது. பின்னால் மகள் அழுகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுப் பிள்ளை புது உடுப்பைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போய்விட்டதாம்.  மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க... மெல்ல மெல்ல வந்தா என்ன?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டம் போட்டவளே கதவைத் திறந்துவிட்டால் நான் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்பது? ஹாஜியாருக்கு இல்லை என்று சொல்வது லேசு. இவளுக்குச் சொல்வது அப்படியில்லை.

"உன்ட காக்காவும் மெல்லமா வாறன் எண்டுதான் சொன்னாரு" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டால், ஓம், சொல்லத்தான் வேண்டும். மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

சுபஹ் தொழுது, ரோடு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் கிளம்பினேன். மச்சான் உயிர் போன இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் நடுவில் யானை லத்தி கிடந்தது, ஈரம் காயாமல். விலத்திக்கொண்டு போனேன். வெயில் ஏறியதும் லொறியை ஓரங்கட்டி, பாய் விரித்து, பெருநாள் தொழுகையைத் தனியாகத் தொழுதேன். ஊருக்குள் போனபோது எல்லாரும் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் வந்து கடையைத் திறந்தார்.  இறக்கி முடிந்ததும், "இனி நான் வேற ஆளைப் பாக்கன்" என்றார். "ஓம் ஹாஜியார்" என்றேன். அடுத்து வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வேறு ஆளைத்தான் பிடித்தார்.

வீட்டு வாசலில் மகள் போன வருடத்து உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். வாப்பா வராமல் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். "பெருநாளில நோன்பு பிடிக்கிறது ஹராம் புள்ள" என்றேன். பையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மனைவி வட்டிலப்பத் தட்டோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது. இரவு முழுக்கக் குர்ஆனில் யாசீன் ஓதியிருக்கிறாள், நான் அவள் பேச்சைக் கேட்டு எங்கே கிளம்பிவிட்டேனோ என்ற பயத்தில். தட்டை என் கையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ராவு வந்திருந்தீங்கண்டா, சத்தியமாக் கதவத் தொறந்திரிக்க மாட்டன்."