உறை போட்ட லேப்டாப்

சென்ற வருடம், அக்னி நட்சத்திர வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயம். காரைக்குடியை ஒட்டி, மானகிரியில் எங்கள் வீடு. பங்காளிகள் எல்லோருக்கும் பங்குள்ள பெரிய வீடுதான்; ஆனால் கல்யாணம், பொங்கல் என்றால்தான் வருவார்கள். மற்ற நாட்களில் அறைக்கு அறை பூட்டுத் தொங்கும், நடுவில் நான் ஒருத்தி. கணவர் இறந்த பிறகு, அமெரிக்காவில் இருக்கும் மகள் ஒரு லேப்டாப்பை வாங்கிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பொழுது விடிந்தால் அவளுக்குச் சாயங்காலம். வீடியோவில் வந்துவிடுவாள். ஓயாமல் பேசுவோம் என்று நினைக்காதீர்கள். அவள் அங்கே சமைப்பாள், நான் இங்கே கீரை ஆய்வேன். எந்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தது என்று சில நேரம் எனக்கே குழம்பும். போன் என்றால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறோம். லேப்டாப் அப்படி இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது மாதிரி.

அந்த ஆள்தான் திடீர் திடீரென்று காணாமல் போக ஆரம்பித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் உஸ்ஸென்று இரையும், தொட்டால் கை சுடும், பொசுக்கென்று அணைந்துவிடும். கறுத்த திரையில் என் முகம் மட்டும் தெரியும். விசிறியை எடுத்து அதற்கு வீசிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது ஆறி மறுபடி உயிர் வருவதற்குள் மகள் படுக்கப் போயிருப்பாள். நான்தான் எதையோ தெரியாமல் அமுக்கிவிடுகிறேன் என்று முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு ஒருநாள், "விடுங்கம்மா, போன்லயே பேசிக்கலாம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுநாளே காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். லேப்டாப் சர்வீஸ் கடை ஒன்றை நடத்துவது ஒரு பெண். சாக்கோட்டையிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகிறவள், என் மகள் வயதுதான் இருக்கும். கழற்றி, ஃபேனில் இருந்த தூசியை எல்லாம் ஊதி எடுத்து, உள்ளே ஏதோ பேஸ்ட்டும் புதிதாகத் தடவினாள். மத்தியானம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தாள். அணையவே இல்லை.

"நல்லாத்தான் ஓடுது ஆச்சி. பயப்படாம கொண்டு போங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மகள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, கல்லில் தோசை இருக்கும்போதே அணைந்துபோனது. திரும்பவும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே மறுபடி சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் வேலையைக் காட்டியது. என் மாமியார் முன்னால் ஒரு மாதிரியும் என்னிடம் ஒரு மாதிரியும் இருந்த என் கணவர்தான் நினைவுக்கு வந்தார்.

மறுபடியும் நான் போய் நின்றதும் அந்தப் பெண் யோசித்தாள். "வீட்டுல எப்படி வச்சிருக்கீகன்னு பாத்தாத்தான் தெரியும் ஆச்சி. நாளைக்கு நெற்குப்பையில ஒரு வேலை இருக்கு. திரும்பும்போது வாரேன்."

சொன்னபடி வந்தாள். மேசையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் வீடுகளில் எந்தச் சாமானுக்கும் உறை உண்டு. வெள்ளிக்குத் துணிப்பை, மிக்ஸிக்குச் சட்டை, டிவிக்குத் திரை. போற்றி வைத்தால்தான் சாமான் நிற்கும் என்று வளர்ந்தவள் நான். லேப்டாப்பை மட்டும் சும்மா விடுவேனா? பழைய பட்டுப்புடவையில், உள்ளே பஞ்சு வைத்து, அடியும் பக்கமும் மூடுகிற மாதிரி நானே தைத்துப் போட்டிருந்தேன். சார்ஜருக்கு மட்டும் ஓட்டை. பங்காளி வீட்டில் சாமான் மாறிப் போகாமலிருக்க எழுத்துப் போடுவது வழக்கம் அல்லவா, ஓரத்தில் என் கணவர் பெயரின் முதலெழுத்தையும் பூவேலையாகப் போட்டிருந்தேன். மாறிப் போவதற்கு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தைக்கும்போது தோன்றவில்லை.

சாமான் வெளியே போனால் உறையைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் கொடுப்போம், உறையும் சேர்ந்து போனால் அது திரும்பி வராது. அதனால் கடைக்குப் போன லேப்டாப் ஒவ்வொரு தடவையும் உறையில்லாமல்தான் போயிருக்கிறது.

"அது மூச்சு விடுற இடத்தையெல்லாம் பஞ்சு வச்சு அடைச்சுப்புட்டீகளே ஆச்சி!" என்று உறையை உருவினாள். அடியில் காற்றுப் போக, இரண்டு பக்கமும் மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாள். வேலை அவ்வளவுதான். ஆனாலும் நம்பிக்கையாகச் சொல்ல வேண்டுமே, "ஒரு படம் முழுக்க ஓடட்டும், பாத்துட்டுப் போறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏதோ ஒரு சினிமா ஓடியது. நாங்கள் இரண்டு பேருமே அதைச் சரியாகப் பார்க்கவில்லை. தன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் சொன்னாள். வேண்டாம் வேண்டாம் என்றவளை உட்காரவைத்துச் சோறு போட்டேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் சமையலை எதிரில் உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

படம் முடியப் போகிறது என்று தெரிந்தபோது என் மனசு போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அணைந்துபோ, அணைந்துபோ என்று திரையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தேன். எது சரியாக வேண்டும் என்று வேகாத வெயிலில் பஸ் ஏறி அலைந்தேனோ, அது கெட்டுப்போக வேண்டுமென்று. கெட்டால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாள் அல்லவா?

அணையவில்லை. அடியில் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடே இல்ல, பாருங்க" என்று என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனிமே நின்னுச்சுன்னா உடனே கூப்பிடுங்க ஆச்சி" என்றாள்.

"நிக்காட்டி கூப்பிடக் கூடாதா தாயி?"

நான் யோசித்துக் கேட்கவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பூட்டிக் கிடந்த அறைகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஒரு காப்பி போடுங்க, குடிச்சுட்டே போறேன்" என்றாள்.

கடையில் அவளுக்கு எத்தனை வேலை காத்திருந்ததோ தெரியாது. மெதுவாக, ஆற்றி ஆற்றித்தான் குடித்தாள்.

அதற்குப் பிறகு அந்த லேப்டாப் ஒரு நாளும் அணையவில்லை. அதனால் அவளும் வரவேண்டிய தேவை இல்லாமல் போனது. மகள் தினமும் காலையில் வந்துவிடுகிறாள், குறையில்லை. ஆனால் ஒரு பத்திரிகை வைக்கவோ, பிரசாதம் கொடுக்கவோ தனியாக இருக்கிற ஒருவர் வீட்டுக்கு இப்போது நான் போனால், வந்த காரியம் முடிந்துவிட்டது என்று உடனே எழுந்துவிடுவதில்லை; அவர்கள் இருக்கச் சொல்லிக் கேட்கும் நிலைமைக்கு வருவதற்கு முன்னால், நானே ஒரு காப்பி கேட்டு வாங்கி, ஆற அமரக் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.