இருநூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன்

என் கைப்பையின் உள்ஜிப்பில் ஒரு பித்தளை டோக்கன் கிடக்கிறது. 212 என்று பொறித்தது. சாவியைத் தேடினால் விரல் முதலில் அதில்தான் படும். கேட்டில் போலீஸ் ஜீப் நின்றால் தேடாமலே படும். நான் வேலை பார்க்கும் சுரங்கத்து டைம் ஆபீசுக்கு முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் வந்தபோது, டோக்கன்களை மூட்டை கட்டிக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். இதை மட்டும் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். திருட்டுதான். அதைவிடப் பெரிய தப்பைச் செய்த பிறகு இதற்கென்ன கூச்சம்!

அப்போதெல்லாம் காண்ட்ராக்ட் ஆட்கள் என் ஜன்னலில் பாஸைக் கொடுத்து அவரவர் நம்பர் டோக்கனை வாங்கி உள்ளே போவார்கள். ஷிப்ட் முடிந்து டோக்கனைக் கொடுத்தால் பாஸ் திரும்பக் கிடைக்கும். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து பர்மனென்ட் வேலைக்கு வந்து, நகரியத்தில் குவார்ட்டர்ஸ் வாங்கியவள். அவர்கள் கம்மாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். அவர்களில் ஒருவர்தான் பம்புக்காரர். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கிற வேலை. வீடு ஊருக்கு வெளியே, காலனியில். அந்த ஒரு சொல்லுக்குமேல் அவரைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. என் ஜன்னலோரப் பானைமேல் இரண்டு டம்ளர்கள் இருக்கும். எது யாருக்கு என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, மாற்றவும் இல்லை.

காண்ட்ராக்ட் ஆள் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அதனால் ஒருவர் படுத்துவிட்டால், வார லீவில் இருக்கும் இன்னொருவர் அவருடைய பாஸில் உள்ளே போவார். ஜன்னலில் இருந்த எங்களுக்கும் அது தெரியும். தன் வார லீவு நாள் ஒன்றில் முதல் ஷிப்டுக்குப் பம்புக்காரர் தன் மச்சானுடைய பாஸை நீட்டினார்.

"மச்சான் ஜுரத்துல படுத்துகினு இருக்கான்ங்க மேடம். இன்னிக்கும் வரலைன்னா மூணு நாளாயிடும்."

நிமிர்ந்து பார்த்துவிட்டு 212ஐத் தள்ளினேன். மதியம் நல்ல மழை. ஷிப்ட் முடிந்தவர்களை லாரியில் ஏற்றி வேறு கேட் வழியாக அனுப்பிவிட்டார்கள். டோக்கன் அவர் சட்டைப்பையோடு போய்விட்டது. பாஸ் என் டிராயரில் தங்கிவிட்டது.

அதே நாள் காலை பதினொரு மணி வாக்கில், எங்கள் பிளாக்கில் ஓர் ஆபீசர் குடும்பம் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பூட்டை உடைத்து நகையை எடுத்துவிட்டார்கள். போன மாதம் அந்த வீட்டு மோட்டாரைச் சரிபார்த்தவர் பம்புக்காரர். அவருக்கு எந்தத் தெரு என்று போலீஸ் கேட்டது. பதில் வந்ததும் விசாரணை முடிந்துவிட்டது; அன்று ராத்திரியே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஏட்டு என் மேஜைக்கு வந்தார். "எங்கடா இருந்தேன்னு கேட்டா வாயே தொறக்கலை மேடம். அழுத்தக்காரப் பய. ரெஜிஸ்டர்ல வீக்லி ஆஃப்னுதான இருக்கு? ஒரு ஜெராக்ஸ்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பதினொரு மணிக்கு அவர் சுரங்கத்துக்குள், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். அது தெரிந்த நான் சொன்னால் என்னை சஸ்பெண்ட் செய்வார்கள், குவார்ட்டர்ஸ் போகும், மகள் படிப்பு நிற்கும். கையெழுத்துப் போட்டேன். ராத்திரி வீட்டில் சொன்னபோது, "உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார் வீட்டுக்காரர். பம்புக்காரர் எங்கள் ஊர்க்காரராக, எங்கள் ஆட்களில் ஒருவராக இருந்திருந்தால் நான் இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேனா? மாட்டேன்.

ஏட்டு வந்துபோன அன்று மதியம் பம்புக்காரர் மனைவி ஜன்னலில் டோக்கனை வைத்தாள். "அவர போலீசு புடிச்சிகினு போவசொல்ல, இத மேடம்கிட்ட குடுத்துடுன்னாருங்க. வேற ஒண்ணும் பேசாதன்னாருங்க." ஆனாலும் போகவில்லை. பிறகு மெல்ல, "அடிக்கிற சத்தம் வெளியில கேக்குதுங்க" என்றாள். மச்சானுடைய பாஸை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "அடுத்த ஆள்" என்றேன்.

நான்காம் நாள் அந்த நகை ஆபீசரின் சொந்தக்காரப் பையனிடமே கிடைத்தது. வீட்டு விஷயம் என்று புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பம்புக்காரர் வேலைக்கு வந்தபோது அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். மூன்று நாள் வரவில்லையே! சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டதும் நான்தான். காரணம் எழுத அந்த ரெஜிஸ்டரில் இடம் கிடையாது.

பத்து வருஷத்துக்கும் மேலாகித் தைரியம் வந்து, போன மாசிமாதம் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய வலது மணிக்கட்டு இன்னும் திரும்பவில்லை. அவர் மனைவி விளக்கி வைத்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். முழுக்கக் குடித்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் அவர் தடுத்தார். "நீங்க சொல்லியிருந்தா உங்க வேலையும் பூட்டிருக்கும், மச்சான் வேலையும் பூட்டிருக்கும். வுடுங்க."

டோக்கனை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார். "இது மச்சான் நம்பருங்க. நான்தான் அன்னிக்கி வேலைக்கே வரலையே. நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

நேற்று கேட்டில் ஜீப் நின்றது. நகரியத்தில் இன்னொரு வீட்டில் திருட்டாம். புது ஏட்டு உள்ளே வந்து, "காலனி ஆளுங்க அட்டென்டன்ஸ் மட்டும் வேணும் மேடம்" என்றார். கை தானாகப் பைக்குள் போய் டோக்கனைப் பிடித்தது. "எல்லாத் தெருவுக்கும் சேர்த்துக் கேட்டு எழுதிக் குடுங்க சார், தர்றேன். எங்க பிளாக்குக்கும் சேர்த்து" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பேரென்ன மேடம்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்து, "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்றார்.