பேட்ஜைக் கழற்றினால்தான் பேச்சு

எங்கள் ஆற்றுச் சாலையில் வெர்னன் ஹாட்ச்சைப் போல ஒரு நேர்மையான கிறுக்கனைப் பார்க்க முடியாது. இருபத்தாறு வருடமாக ரியோ கிராண்டே கரையில் சொந்தக் குதிரையில் ரோந்து போகிறான். மெக்சிகோ பக்கத்திலிருந்து, மாட்டைக் கொல்லும் காய்ச்சலைப் பரப்புகிற உண்ணியோடு ஆற்றைக் கடந்து வரும் மாடுகளைப் பிடிப்பது வேலை. சம்பளம் வாஷிங்டனிலிருந்து, மத்திய அரசு கொடுப்பது. மதியச் சாப்பாட்டு வேளையிலோ, வாஷிங்டனை விட்டு டெக்சாஸ் பிரிய வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவான்.

அதற்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தான். அரசாங்க பேட்ஜைக் கழற்றிச் சேணப்பையில் போட்ட பிறகுதான் மனுவை வெளியே எடுப்பான். பேட்ஜ் இருந்தால் "மேடம், நீங்க". கழற்றினால் "நீ, வா, போ".

அந்தச் சாலையில் கையெழுத்துப் போடாதவள் ஒஃபீலியா த்ரெவீன்யோ ஒருத்திதான். கணவன் போன பிறகு தனியாகப் பண்ணை நடத்துகிறவள். அன்று அவள் கன்றுகளை ஏற்ற சாயங்காலம் லாரி வருவதாக இருந்தது. அடைப்பு வேலியைச் சரிபார்க்க நானும் போயிருந்தேன்.

மதியம் வந்து இறங்கிய வெர்னன் பேட்ஜைக் கழற்றினான். "போடு கையெழுத்த. நம்மள நாமளே பாத்துக்கலாம்."

"யாரு, நீயா? போன வாரம் உன் குதிரையே உன்னத் தள்ளி விட்டுச்சாமே," என்றாள் அவள். சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். புதருக்குள்ளிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சிவப்புப் பசு அவள் கன்றுகளை நோக்கி நடந்து வந்தது. காதில் அடையாள வில்லை இல்லை; அக்கரை மாடு. அது உரசினால் பண்ணைக்கே தடை போடுவார்கள், லாரி காலியாகத் திரும்பும், அவளுக்கு அந்த வருடமே போச்சு.

வெர்னன் பேட்ஜைக் குத்திக்கொண்டு குதிரையில் ஏறினான். "மேடம், நீங்க தள்ளி நில்லுங்க."

வேலிக்குப் பத்தடி இருக்கும்போது அவன் வீசிய கயிறு பசுவின் கழுத்தில் விழுந்தது. அதைக் கட்டிவிட்டுத் தாடைக்கடியில் விரல்விட்டுத் தடவினான். உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது. ஒஃபீலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் வேலி மேல் விட்டுப்போன மனுவைக் கையில் எடுத்தாள்.

"போடறேன் வெர்னன். இன்னிக்கு நீ கேட்டா எது வேணாலும் செய்வேன். பேட்ஜக் கழட்டிட்டுப் பேனாவக் குடு."

அவன் கை பேட்ஜுக்குப் போனது. கண் ஆற்றுக்குப் போனது. நடு ஆற்றில் இன்னொரு பசு, கழுத்தளவுத் தண்ணீரில், எங்கள் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

கையைக் கீழே விட்டான்.

"இன்னொரு நாள் பாத்துக்கலாம் மேடம்," என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினான்.